அந்தச் சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கிறது?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இப்போது திருகோணமலை நகரில் ஒரு மருந்தகத்தில் பொறுப்பு மருந்தாளராக இருக்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தனியார் கிளினிக், பாமசி, லாப் ஆகியவற்றின் பதிவு பற்றியே இருந்ததால், அவற்றை ஒன்றாகத் தருகிறோம்.)

கேள்வி: ராத்தா, எங்கள் தெருவில் புதிதாக ஒரு மெடிக்கல் சென்டர் திறந்திருக்கிறார்கள். போர்ட்டில் டொக்டரின் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று போட்டிருக்கிறது. காய்ச்சல் என்று போகிற எல்லாருக்கும் ஊசி போடுகிறார். அவர் பதிவுள்ள டொக்டர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் கோபிப்பாரோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, கிண்ணியா)

பதில்: தங்கச்சி, அவரிடம் வாய் திறந்து கேட்க வேண்டிய தேவையே இல்லை. அவர் தந்த மருந்துத் துண்டை எடுத்துப் பாருங்கள். கீழே குத்தியிருக்கும் முத்திரையில் பெயரோடு ஒரு இலக்கம் இருக்கும். அது இலங்கை மருத்துவ சபையின் பதிவிலக்கம். 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வைத்தியர்களின் பதிவேட்டை வைத்திருப்பது அந்தச் சபைதான். பெயரையோ இலக்கத்தையோ கொடுத்து அதன் இணையத்தளத்தில் தேடலாம். வீட்டில் போன் வைத்திருக்கும் பிள்ளை ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். முத்திரையில் இலக்கம் இல்லை, பதிவேட்டிலும் பெயர் இல்லை என்றால் அந்தப் படியை மறுபடி மிதிக்காதீர்கள்.

எம்.டி. என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இங்கே முதல் பட்டம் எம்.பி.பி.எஸ். அதற்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பல வருடம் படித்து எடுப்பதுதான் எம்.டி. ஆனால் ரஷ்யா போன்ற நாடுகளில் முதல் பட்டத்துக்கே எம்.டி. என்றுதான் பெயர். வெளிநாட்டில் படித்தவர் குறைந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் இங்கே வந்து, சனங்கள் இன்னும் 'அக்ட் 16' என்று சொல்கிற அந்தப் பரீட்சையில் சித்தியடைந்து, உள்ளகப் பயிற்சியும் முடித்த பிறகுதான் முழுப் பதிவு பெறுகிறார்கள். அதையெல்லாம் தாண்டியவரா என்பதை அந்த இலக்கம் சொல்லும். போர்ட்டில் எழுதிய எழுத்துகள் சொல்லாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்.எம்.பி. (பதிவு பெற்ற வைத்தியர்), ஏ.எம்.பி. (உதவி வைத்தியர்) என்று போட்டிருக்கும் வயதான வைத்தியர்களைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவ சபையில் அவர்களுக்கென்றே தனிப் பதிவேடு இருக்கிறது. எம்.பி.பி.எஸ். டொக்டர்கள் வரத் தயங்கிய யுத்த காலத்தில், நம் பகுதிக் கிராமத்து ஆஸ்பத்திரிகளைத் தாங்கிப் பிடித்தவர்களில் பலர் அவர்கள்தான். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

இது ஆளைப் பற்றியது. இடத்துக்கு வேறு பதிவு வேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு செய்தல்) சட்டத்தின்படி, பெரிய தனியார் வைத்தியசாலை மட்டுமல்ல, ஒரு டொக்டர் ஒரு அறையில் நடத்தும் டிஸ்பென்சரியும், பல் வைத்தியம் பார்க்கும் இடமும், அரச டொக்டர் பின்னேரத்தில் மட்டும் இருந்து பார்க்கும் இடமும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையில் பதிய வேண்டும். வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். விண்ணப்பம் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாகப் போகிறது. நமக்கு அந்த அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. சான்றிதழில் முதலில் வருடத்தைப் பாருங்கள், அப்புறம் எந்த வகைக்குப் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டிஸ்பென்சரி என்று பதிந்துவிட்டு, உள்ளே கட்டில் போட்டு ஆட்களைப் படுக்க வைத்து சேலைன் ஏற்றினால் அது சரியில்லை.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் கிண்ணியா. 2017 மார்ச் மாதத்தில் டெங்கு உங்கள் ஊரை எப்படி உலுக்கியது என்று நான் சொல்லத் தேவையில்லை. டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சலுக்கு டைக்குளோபினக், இபுபுரூபன் மாதிரியான மருந்துகள், ஊசியாகவோ குளிசையாகவோ, கூடவே கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பரசிட்டமோல் மட்டும், அதுவும் நிறைக்கு ஏற்ற அளவில். போடப்போவது என்ன ஊசி என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கோபிக்கிற டொக்டர் பதிவு பெற்றவராக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பாமசியில் மருந்தாளரின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டகத்தில் தொங்குகிறது. ஆனால் அந்தப் பெயருக்குரியவரை நான் ஒரு நாளும் கண்டதில்லை. ஏ.எல். முடித்த தம்பி ஒருவர்தான் துண்டை வாசித்து மருந்து தருகிறார். துண்டு இல்லாமலும் அமொக்சிசிலின் தருகிறார். இது சட்டப்படி சரியா? (ஒரு வாசகர், பாலையூற்று)

பதில்: சரியில்லை. இரண்டுமே சரியில்லை.

பாமசிகள் முன்பு சொன்ன 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவற்றுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதற்கு முன் 1980ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. மருந்தாளராகிய நான் மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும், கடை அதிகாரசபையிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும், விற்கிற ஒவ்வொரு மருந்தும் அதே அதிகாரசபையில் பதிவாகியிருக்க வேண்டும். ஆள், இடம், பொருள் மூன்றும் தனித்தனி. ஒன்று இருந்தால் மற்றது இருக்கிறது என்று அர்த்தமில்லை.

சான்றிதழ் தொங்குகிறது, ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் தெருவில் மட்டும் நடப்பது இல்லை. ஓய்வுபெற்ற பிறகு என்னிடமும் ஒரு கடைக்காரர் வந்தார். "நீங்கள் வர வேண்டாம் மிஸ், சான்றிதழை மட்டும் தாருங்கள், மாதம் முடிய காசு வீடு தேடி வரும்" என்றார். நான் அவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் வேறு யாரிடமோ வாங்கியிருப்பார். மருந்தாளர்கள் போதாது, சம்பளம் கொடுத்து ஆளை நிறுத்தக் கட்டாது என்று கடைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் நாங்கள் எதற்கு நிற்கிறோம் என்று தெரிந்தால் இந்தச் சமாதானம் எடுபடாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு குளிசை எழுதுவார்கள். அது கிழமைக்கு ஒரு முறை மட்டும் குடிக்க வேண்டியது. துண்டில் அவசரமாகக் கிறுக்கியதை 'நாளுக்கு ஒன்று' என்று வாசித்து உறையில் எழுதிக் கொடுத்தால், சில நாட்களில் வாய் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, ஆள் உயிருக்குப் போராடுவார். மருந்தாளர் அந்தப் பெயரைக் கண்டதுமே கை நின்றுவிடும். அந்தத் தம்பிக்கு நிற்காது. அவர்மேல் பிழை சொல்லி என்ன செய்வது, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குடிக்கும் ஐயா ஒருவர் வந்து முழங்கால் நோவுக்கு டைக்குளோபினக் கேட்டால், "வேறு என்ன மருந்து குடிக்கிறீர்கள் ஐயா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். பெனிசிலின் ஒவ்வாத பிள்ளைக்கு அமொக்சிசிலின் போகாமல் தடுக்கவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் சட்டம் எங்களைக் கடைக்குள் இருக்கச் சொல்கிறது.

அமொக்சிசிலின் ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து. வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது. தடிமனுக்கு அதை வாங்கி இரண்டு நாள் குடித்து, சுகம் வந்ததும் மிச்சத்தை அலுமாரியில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். வைரஸ் தடிமனை அது தொடவும் மாட்டாது. கிருமிகள் அதற்குப் பழகிப் போவதுதான் மிச்சம். பிறகு உண்மையாகவே நிமோனியா வரும்போது அந்த மருந்து கை கொடுக்காமல் போகலாம்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். கடைக்குப் போனதும் "மருந்தாளர் இருக்கிறாரா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். இல்லை என்றால் எப்போது வருவார் என்று கேளுங்கள். பத்துப் பேர் இப்படிக் கேட்டாலே முதலாளி யோசிப்பார். உதிரியாக எண்ணித் தரும் குளிசை என்றால் உறையில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை என்பதை எழுதி வாங்குங்கள். வீட்டில் யாராவது இன்சுலின் போடுகிறார்கள் என்றால், கடையின் குளிர்சாதனப் பெட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தில் எனக்கு இருந்த பெரிய கவலை அதுதான். ஜெனரேட்டர் இல்லாத கடையில் இன்சுலின் வாங்க வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்கு நேராகவே சொன்னேன். கடை தொடர்ந்து இப்படியே நடந்தால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பாமசிகளைப் பார்க்கும் உணவு, மருந்துப் பரிசோதகர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. ஏ.எல். பெறுபேறு நன்றாக இருந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருந்தகவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. சுவரில் உங்கள் பெயரே தொங்கட்டும்.

கேள்வி: தம்பலகாமத்தில் ஒரு லாப் இரத்தத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறது. ரிப்போர்ட் மறுநாள் போனுக்கு வருகிறது. நம்பலாமா? விலையும் இடத்துக்கு இடம் வேறாக இருக்கிறது.

பதில்: அனுப்புவதில் பிழை இல்லை. பெரிய இயந்திரங்கள் எல்லா ஊரிலும் இருக்காது. ஆனால் இரத்தம் எடுக்கும் இடமும் பதிந்திருக்க வேண்டும். அனுப்பும் வரை அதை உரிய முறையில் வைக்கிறார்களா என்றும் பாருங்கள். தம்பலகாமத்து வெயிலில் மேசைமேல் கிடந்த இரத்தத்தின் பொட்டாசியம் அளவை எந்த இயந்திரமும் சரியாகச் சொல்லாது. ரிப்போர்ட்டில் பரிசோதித்த ஆய்வுகூடத்தின் பெயரும், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரின் பெயரும் கையொப்பமும் இருக்க வேண்டும். அவர்களும் மருத்துவ சபையில் பதிவு பெறுகிறவர்கள்தான். விலையைப் பொறுத்தவரை, டெங்கு அன்டிஜன் பரிசோதனைக்கும் முழு இரத்தக் கணக்குக்கும் வர்த்தமானி மூலம் உச்ச விலை விதித்திருக்கிறார்கள். அதைத் தாண்டி எடுத்தால் பற்றுச்சீட்டோடு 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

கேள்வி: அக்கா, சாம்பல்தீவுப் பக்கத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பரம்பரை வைத்தியர் ஒருவரிடம்தான் எங்கள் குடும்பம் போகும். பட்டம் இல்லாதவர் போலி வைத்தியர் என்று மகன் சண்டை பிடிக்கிறான். யார் சரி?

பதில்: பட்டம் இல்லாததால் மட்டும் ஒருவர் போலி ஆகமாட்டார். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றோடு பாரம்பரிய வைத்தியர்களையும் பதிய இடம் கொடுக்கிறது. அவர்களின் பதிவு ஆயுர்வேத மருத்துவ சபையில் இருக்கும். உங்கள் வைத்தியரிடம் அந்தப் பதிவு இருந்தால் மகனிடம் காட்டுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்த பட்டதாரிகளும் இப்போது நம்மிடையே இருக்கிறார்கள்.

மகனுக்காகவும் பேச வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், கட்டுப் போட்ட பிறகு விரல்கள் விறைத்து நிறம் மாறினால், அடிபட்டவர் சின்னப் பிள்ளை என்றால், முதலில் பெரியாஸ்பத்திரி, எக்ஸ்ரே. பாம்புக் கடிக்கும் அப்படித்தான். கண்ணாடி விரியன் கடித்த ஒருவருக்கு வேண்டியது விஷமுறிவு ஊசி, அது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். சித்த வைத்தியராகப் பதிந்த ஒருவர் சித்த மருந்து தரட்டும். அவர் மேசை லாச்சிக்குள் இருந்து ஆங்கில மருந்துக் குளிசை வந்தால், எத்தனை தலைமுறைப் பழக்கம் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: நிலாவெளியில் ஒரு அழகு நிலையத்தில் நிறம் வெளுக்க குளுட்டாதயோன் ஏற்றுகிறார்கள். கல்யாணத்துக்கு முன் போடலாமா?

பதில்: வேண்டாம் மகள். நாளத்துக்குள் ஊசி ஏற்றுவது மருத்துவச் செயல். அழகு நிலையத்தின் வியாபார அனுமதி அதற்குச் செல்லாது. போத்தலில் இருப்பது என்ன, எங்கிருந்து வந்தது, பதிவானதா என்று யாருக்கும் தெரியாது. திடீரென ஒவ்வாமை வந்து மூச்சு முட்டினால் அட்ரினலின் எடுத்துக் கொடுக்க அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். உங்கள் நிறத்தில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: தனியார் இடங்களுக்கு மட்டும்தானா இந்தப் பதிவு? எங்கள் மூதூர் ஆஸ்பத்திரிச் சுவரில் அப்படி ஒன்றையும் நான் காணவில்லையே.

பதில்: நல்ல கேள்வி. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அரசு நடத்தும் வைத்தியசாலைகளை வெளியே விட்டுவிட்டது. அவை சுகாதார அமைச்சின் கீழோ, 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்தின் கீழோ நடக்கின்றன. அங்கே வேலை செய்கிற டொக்டர், மருந்தாளர், தாதி எல்லாருக்கும் ஆள் பதிவு கட்டாயம்தான். இடத்துக்குத்தான் இந்தப் பதிவு இல்லை. என் வேலைக் காலம் முழுவதும் அரச ஆஸ்பத்திரிகளில் கழிந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வெளியே இருந்து ஒருவர் வருடம் ஒருமுறை வந்து எங்கள் மருந்துக் களஞ்சியத்தின் வெப்பநிலையையும் காலாவதித் திகதிகளையும் பார்த்துக் கையொப்பம் வைத்திருந்தால் எங்களுக்கு அது பலமாக இருந்திருக்கும். காற்றாடிகூட வேலை செய்யாத களஞ்சியத்துக்குக் குளிரூட்டி கேட்டுக் கடிதம் எழுதுகிற மருந்தாளருக்கு, சட்டம் பக்கத்தில் நிற்பது எவ்வளவு பெரிய உதவி! அரசுக்கும் அதே அளவுகோல் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தனியார் வைத்தியசாலை ஒன்றில் அம்மாவுக்கு நடந்த சிகிச்சையில் தவறு நடந்துவிட்டது என்று நம்புகிறோம். எங்கே முறையிடுவது? டொக்டர்கள் டொக்டர்களைக் காப்பாற்றுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். (ஒரு மகள், உவர்மலை)

பதில்: அம்மாவுக்காக மனம் வருந்துகிறேன். முதலில் கடதாசிகளைச் சேருங்கள். நோய் நிர்ணய அட்டை, மருந்துத் துண்டுகள், ரிப்போர்ட்டுகள், பற்றுச்சீட்டுகள் எல்லாம். கட்டில் தலைப்பில் வைத்து எழுதிய குறிப்புகளின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் என்ன சொன்னார்கள் என்று நினைவில் இருக்கும்போதே கொப்பியில் எழுதிவையுங்கள்.

வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாடு மருத்துவ சபைக்கு. சத்தியக்கடதாசி ஒன்றை இணைத்து அனுப்புவது பலம். அங்கே ஒரு பூர்வாங்கக் குழு பார்த்து, விஷயம் இருந்தால் தொழில்நடத்தைக் குழுவுக்கு அனுப்பும். பதிவையே நீக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு, ஆனால் நட்டஈடு அங்கே கிடைக்காது. வைத்தியசாலையின் வசதிக் குறைவு, தாதியர் இல்லாதது போன்றவை ஒழுங்குபடுத்தல் பேரவைக்கு, அந்தக் கடிதத்தின் ஒரு பிரதி மாகாணப் பணிப்பாளருக்கு. மருந்தின் தரம் பற்றிச் சந்தேகம் என்றால் மருந்துகள் அதிகாரசபைக்கு, மிச்ச மருந்தை உறையோடு பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு.

நட்டஈடு வேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்றம். காலாவதிச் சட்டப்படி இப்படியான வழக்குக்கு இரண்டு வருடம்தான் அவகாசம். முறைப்பாட்டுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த இரண்டு வருடம் ஓடிவிடும். இப்போதே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வழக்கு இலேசானது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு சிறுமியின் மரணம் பற்றிய பிரபலமான வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தும், 2001இல் உச்ச நீதிமன்றம் வைத்தியரின் மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டது. கவனக்குறைவு இருந்தது என்று காட்டினால் போதாது, அந்தக் கவனக்குறைவால்தான் இழப்பு வந்தது என்றும் நிறுவ வேண்டும். உங்கள் சட்டத்தரணி முதலில் இதைத்தான் கேட்பார். அதனால் வேறொரு விசேட வைத்திய நிபுணரின் எழுத்துமூல அபிப்பிராயத்தை எடுத்துக்கொண்டு போவது நல்லது.

டொக்டர்கள் டொக்டர்களைக் காப்பாற்றுவார்கள் என்ற பேச்சைக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். முறைப்பாடே வராத இடத்தில் எந்தச் சபையும் ஒன்றும் செய்யாது. அந்த வைத்தியசாலை அந்த வருடம் பதிந்திருந்ததா, கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாகாண அலுவலகத்திடமே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், பதிவுத் தபாலில் போடுங்கள், தபாலகம் தரும் சிட்டையைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.